தாழப் பறக்கவிடாமல்: தடுப்பு பலூன்களும் வடசென்னையும்

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. துணை அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள், ர்யூஜோ என்ற சிறிய கப்பலிலிருந்து வந்தவை விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. 9ஆம் தேதி திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அந்தச் சில நாள்களில் வங்காள விரிகுடாவில் மூழ்கடிக்கப்பட்ட சரக்குக் கப்பல்கள் இருபதுக்கும் மேல். இந்த ஊர்களைக் கடற்கரையோரமாக வரிசைப்படுத்திப் பார்த்தால் தெற்கே இரண்டு, வடக்கே இரண்டு; நடுவில் சென்னை.

சென்னையில் தாக்கத்தக்கவை எல்லாம் அன்றே நகரின் வடபகுதியில் நெருக்கியடித்துக் கிடந்தன. செயற்கைத் துறைமுகம், 1856இல் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையம், அதைச் சுற்றிய சரக்கு முற்றங்கள், பேசின் பிரிட்ஜ் மின்நிலையம், எண்ணெய்க் கிடங்குகள். இவற்றின் ஊடே மீனவர் குப்பங்களும் தொழிலாளர் குடியிருப்புகளும். கடல் பக்கமிருந்து தாழப் பறந்து வரும் விமானிக்கு வழியில் மலையும் இல்லை, மேடும் இல்லை.

இப்படிப்பட்ட இலக்குகளைக் காக்க அந்தக் காலத்தில் உலகம் அறிந்திருந்த வழிகளுள் ஒன்று தடுப்பு பலூன். சென்னையின் போர்க்கால நினைவுகளில் ஊரைவிட்டு ஓடிய கதை உண்டு, மிருகக்காட்சிசாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்ற கதை உண்டு. ஆனால் ஒரு தொழிற்பகுதியை வானிலிருந்து வரும் ஆபத்திலிருந்து காப்பது என்றால் நடைமுறையில் என்ன, அதில் எது காக்கப்படுகிறது, யார் விடுபட்டுப்போகிறார்கள் என்ற கேள்வியை நாம் தமிழில் அதிகம் பேசியதில்லை. தடுப்பு பலூனின் கதை அந்தக் கேள்விக்குள் நுழைய நல்ல வாசல்.

பலரும் நினைப்பதுபோல அந்தப் பலூனில் ஆள் ஏறுவதில்லை, ஆயுதமும் கிடையாது. ஆபத்து முழுவதும் அதைத் தரையோடு பிணைக்கும் எஃகுக் கம்பிவடத்தில் இருக்கிறது. காசிமேட்டிலும் கொருக்குப்பேட்டையிலும் காத்தாடி விடும் பையன்களின் மாஞ்சா நூல் சாலையின் குறுக்கே விழுந்து பைக்கில் போனவரின் கழுத்தை அறுத்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். விறைத்து நிற்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. வேகமாக வருகிறவருக்கு அது தெரியும்போது நேரம் கடந்துவிடும். தடுப்பு பலூனின் தத்துவமும் அதுதான். மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வரும் விமானத்தின் இறக்கையில் கம்பிவடம் பட்டால், இறக்கை கிழியலாம். கிழியாவிட்டாலும் விமானம் நிலைகுலையலாம்.

பிரிட்டன் பயன்படுத்திய வழக்கமான பலூன் சுமார் 19 மீட்டர் நீளம், ஏழரை மீட்டர் விட்டம். உள்ளே ஏறத்தாழ 540 கன மீட்டர் ஹைட்ரஜன். ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் தூக்கும் என்று வைத்தால் மொத்தத் தூக்குதிறன் 600 கிலோ அளவு. அதில் துணியின் எடை போக மீதியைத்தான் கம்பிவடம் எடுத்துக்கொள்ள முடியும். ஆகவே இந்தப் பலூன்கள் 1,500 மீட்டர் உயரம் வரைதான் நின்றன. அதற்கு மேல் போனால் தன் கம்பியின் எடையையே தாங்காது. உருண்டைப் பலூன் காற்றில் சுழன்று தாழ்ந்துவிடும் என்பதால், பிரெஞ்சுக்காரரான ஆல்பர்ட் காக்கோ முதல் உலகப்போரின்போது மீன் போன்ற உடலும் வாலில் மூன்று துடுப்புகளும் கொண்ட வடிவத்தை உருவாக்கினார். அது எப்போதும் காற்றை நோக்கித் திரும்பி நிற்கும். துடுப்புகளிலும் வயிற்றின் கீழ் அறையிலும் ஹைட்ரஜன் இல்லை. எதிர்க்காற்றே புகுந்து அவற்றை உப்பவைக்கும். மேலே போகப்போக ஹைட்ரஜன் விரியும், கீழ் அறையின் காற்று வெளியேறி இடம் கொடுக்கும். எளிமையான, அழகான ஏற்பாடு.

கீழே ஒரு லாரி, அதன் முதுகில் வின்ச், அதைச் சுற்றிப் பத்துப் பேருக்கு மேற்பட்ட ஒரு குழு. வாயு கசிந்து தூய்மை குறையும். அவ்வப்போது சிலிண்டர்களிலிருந்து நிரப்ப வேண்டும். இடி மின்னல் என்றால் இறக்க வேண்டும். பலத்த காற்றென்றால் இறக்கி மணல் மூட்டைகளோடு கட்ட வேண்டும். நள்ளிரவிலும் மழையிலும் இதே வேலை. பிரிட்டனில் 1941 முதல் பெண்கள் படைப்பிரிவினர் பல பலூன் நிலையங்களை ஏற்று நடத்தினார்கள். முதலில் உடல்பலம் போதாது என்று தயங்கிய அதிகாரிகளை அவர்கள் தங்கள் வேலையாலேயே வாயடைத்தார்கள்.

இதெல்லாம் எதற்கு? விமானத்தை வீழ்த்துவதற்கு என்பது பாதி பதில்தான். மேலே இருந்து விடப்படும் குண்டு, உயரம் கூடக்கூடக் குறியிலிருந்து விலகும். ஒரு எண்ணெய்த் தொட்டியையோ கப்பல்துறையின் கதவையோ அடிக்க வேண்டுமானால் விமானி கீழே வரவேண்டும். ஜப்பானியரின் ஐச்சி குண்டுவீச்சு விமானங்கள் உயரத்திலிருந்து தலைகீழாகப் பாய்ந்து, சுமார் 600 மீட்டரில் குண்டை விடுவித்து, அதற்கும் கீழே போய்த்தான் நிமிரும். டார்பிடோ போடுகிற விமானம் அலைக்குச் சற்று மேலே வரும். பலூன் கம்பிகள் நிற்கும் இடத்தில் இந்த இரண்டும் முடியாது. 1,500 மீட்டருக்கு மேல் போகத் தள்ளப்பட்டால் அவர்களின் குறி கெடுகிறது. அதோடு, கனரகப் பீரங்கிகள் கணக்கிட்டுச் சுடுவதற்கு வசதியான உயரத்துக்கு அவர்களே வந்துவிடுகிறார்கள். ஆகவே பலூன் எத்தனை விமானங்களை வீழ்த்தியது என்று எண்ணுவது தவறான கணக்கு. எத்தனை விமானிகள் கீழே வராமல் போனார்கள் என்பதே அதன் பயன். அதை யாராலும் எண்ண முடியாது.

பிரிட்டன் இதற்காக 1938 நவம்பரில் பலூன் கமாண்ட் என்று தனிப் படைத்தலைமையே ஏற்படுத்தியது. 1940 நடுவில் அங்கே சுமார் 1,400 பலூன்கள். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு லண்டனுக்கு. ஜெர்மானியர் பதிலுக்குச் சில விமானங்களின் மூக்கிலும் இறக்கை விளிம்பிலும் கம்பி வெட்டும் சட்டங்களைப் பொருத்தினார்கள். அந்தச் சட்டத்தின் எடையே விமானத்தைப் பாதி முடமாக்கியது. பலூன் வைத்தவர்கள் கம்பியின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் சிறு வெடிகளும் பாராசூட்டுகளும் வைத்தார்கள். மோதியதும் கம்பி இருபுறமும் அறுந்து, பாராசூட்டுகள் விரிந்து, விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். 1944இல் வி-1 என்ற ஆளில்லாப் பறக்கும் குண்டுகள் வந்தபோது லண்டனுக்குத் தெற்கே பெரிய பலூன் வேலி எழுந்தது. அதில் மாட்டியவை சுமார் 230. பீரங்கிகளும் போர் விமானங்களும் வீழ்த்திய ஆயிரக்கணக்கோடு ஒப்பிட்டால் சிறிய எண். ஆனால் அவற்றையெல்லாம் தாண்டி வந்தவற்றுக்கான கடைசி வேலி அது.

கெடுதலும் உண்டு. சொந்த விமானங்களே கம்பியில் மோதி அழிந்தன. 1940 செப்டம்பரில் ஒரு புயல்காற்றில் அறுந்த பலூன்கள் கடல் தாண்டி ஸ்வீடன், டென்மார்க் வரை போய், தொங்கும் கம்பியால் மின்கம்பிகளைச் சேதப்படுத்தின. பிரிட்டிஷார் அதையே ஆயுதமாக்கினார்கள். 1942 முதல் 1944 வரை ஏறத்தாழ ஒரு லட்சம் சிறிய பலூன்களைக் கம்பியோடும் தீப்பொருளோடும் ஜெர்மனி நோக்கி அவிழ்த்துவிட்டார்கள். லைப்சிக் அருகே போலன் என்ற ஊரில் ஒரு மின்நிலையம் அப்படி எரிந்தது. கட்டி நிற்கும்வரை காவல், அறுந்தால் ஆபத்து. இதைப் பின்னால் மறுபடியும் பார்ப்போம்.

இந்தியாவில் இந்தப் பலூன்கள் கல்கத்தாவின் மேல் நின்றன. ஹூக்ளிக் கரையின் துறைகளையும் 1943 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஹௌரா பாலத்தையும் ஒட்டி அவை மிதந்தன. ஜாம்ஷெட்பூரின் எஃகு ஆலைக்கு மேலும் ஏற்றப்பட்டன. கல்கத்தாவுக்கும் ஜாம்ஷெட்பூருக்கும் கிடைத்ததன் காரணம் எளிது: பர்மாவிலிருந்து எட்டும் தூரம், போருக்கு இன்றியமையாத உற்பத்தி. ஆனால் கல்கத்தாவின் அனுபவம் பலூனின் எல்லையையும் காட்டிவிட்டது. 1942 டிசம்பரில் இரவுத் தாக்குதல்கள் தொடங்கின. 1943 டிசம்பர் 5ஆம் தேதி பட்டப்பகலில், பலூன்களுக்கு எட்டாத உயரத்தில் வந்த விமானங்கள் கிதிர்பூர்த் துறைகளில் குண்டு போட்டன. செத்தவர்கள் நூற்றுக்கணக்கான துறைமுகத் தொழிலாளர்கள். துல்லியமாக அடிக்க நினைப்பவனைத்தான் பலூன் தடுக்கும். பரப்பளவில் கொட்டிவிட்டுப் போக நினைப்பவனுக்கு அது தடையே இல்லை. துல்லியம் கெட்ட குண்டு எங்கே விழும்? தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் குடிசையில் விழும். பலூன் தொட்டியைக் காக்கும்போது அதைச் சுற்றியிருப்பவர்களின் ஆபத்து குறைந்தேவிடும் என்று சொல்ல முடியாது. அதனால் பலூன் வேலிக்கு உள்ளே மக்களுக்குப் பதுங்குகுழியும் எச்சரிக்கையும் கட்டாயம் வேண்டும். லண்டனில் இந்த இரண்டும் சேர்ந்து இருந்தன. நம் துறைமுகங்களில் அந்தச் சேர்க்கை நிகழவில்லை என்பதே என் வாதம்.

இங்கே தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. பலூன் துணி என்பது ரப்பர் பூசிய பருத்தித் துணி. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததோடு நேச நாடுகளின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று. மலாயாவின் தோட்டங்களில் அந்தப் பாலை வடித்தவர்களில் பெரும்பாலோர் நம் மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலேறியவர்கள். மலாயா போன பிறகு நேச நாடுகளுக்கு எஞ்சிய பெரிய ரப்பர் நிலம் இலங்கை. மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று அங்கே பால் வடிக்கச் சொன்னார்கள். வடித்த கைகளில் பல தமிழ்க் கைகளே. லண்டன் வானத்தின் பலூன்களுக்கும் கல்கத்தா வானத்தின் பலூன்களுக்கும் பின்னால் அந்த உழைப்பு இருந்தது. பலூன் பற்றிய நூல்களில் இந்த மனிதர்களுக்கு ஒரு வரி கிடைப்பதே அரிது. அதனால்தான் அவர்களை இங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

இனி, சென்னை. 1942 ஏப்ரலில் நகரத்துக்கு இருந்த விமான எதிர்ப்புப் பீரங்கிகள் மிகக் குறைவு. உண்மையான காவல் தொலைவிலிருந்து பார்ப்பதில்தான் இருந்தது. போரின் போக்கில் செங்குன்றம் ஏரி கடல்விமானத் தளமாயிற்று. பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆம் ஸ்குவாட்ரனின் கேட்டலினா விமானங்கள், சென்னை குடிக்கிற அதே தண்ணீரிலிருந்து எழுந்து வங்காள விரிகுடாவை ரோந்து சுற்றின. பக்கத்தில் சோழவரத்தில் ஓடுதளம். கொழும்பைத் தாக்க வந்த கப்பற்படையை முந்தின நாள் பார்த்துச் சொன்னதும் இப்படியொரு கேட்டலினாதான். அதன் விமானி, கனடாவைச் சேர்ந்த லெனர்ட் பர்ச்சால், சொல்லி முடிப்பதற்குள் சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைபிடிக்கப்பட்டார்.

சென்னையில் பலூன் வேலி கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்ப்பது வீண் கற்பனை இல்லை. ஊரின் இயல்பு அதில் தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் கடற்காற்று ஏறும். தென்மேற்குப் பருவத்தில் மாலை இடிமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல். ஹைட்ரஜன் பலூனுக்கு மின்னல் எமன். உப்புக்காற்றில் எஃகு வடம் துருப்பிடிக்கும், கோடை வெயிலில் ரப்பர் துணி விரைவில் பாழாகும். அறுந்த வடம் மேற்கே பறந்தால் பேசின் பிரிட்ஜின் மின்கம்பிகள். வருடத்தில் பல வாரங்கள் பலூன் கீழேயே கட்டிக் கிடந்திருக்கும். 1881இல் கட்டி முடியும் நிலையிலிருந்த அலைதாங்கிகளைப் புயல் உடைத்துப்போட்ட கடற்கரை இது. துறைமுகத்தின் கிழக்கு வாயிலை அடைத்து வடகிழக்கில் வைத்த பிறகுதான் அலை அடங்கியது. இங்கே எந்தப் பாதுகாப்பும் முதலில் காற்றோடும் அலையோடும் பேசி முடிக்க வேண்டும்.

அரசு எடுத்த வழி வேறு. இன்றியமையாத வேலை இல்லாதவர்கள் நகரைவிட்டுப் போகலாம் என்று ஏப்ரல் நடுவில் அறிவித்தது. 1941 கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 7 லட்சத்து 77 ஆயிரம். அதில் பெரும்பகுதி ரயிலிலும் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் வெளியேறியது. அலுவலகங்கள் மாவட்டங்களுக்குப் போயின. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போயிற்று. கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்களின் கப்பல்கள் மேற்குக் கரைக்குத் திருப்பப்பட்டன. காக்க முடியாததைக் காலி செய்தார்கள். அன்றைய நிலையில் அதைக் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

குறை சொல்லவேண்டியது, போகலாம் என்ற சொல் எல்லோருக்கும் பொருந்தாததை. 1941இலேயே அத்தியாவசியப் பணிகள் அவசரச் சட்டம் வந்திருந்தது. அத்தியாவசியம் என்று அறிவிக்கப்பட்ட வேலையில் இருப்பவர் தக்க காரணமின்றி வேலையைவிட்டுப் போவது குற்றம். ஒரு நகரத்தில் எவை அத்தியாவசியம்? துறைமுகம், ரயில், மின்சாரம், எண்ணெய். அவை எங்கே இருந்தன, அவற்றில் வேலை செய்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? மயிலாப்பூர் வக்கீலும் எழும்பூர் அதிகாரியும் உறவினர் ஊருக்குப் போக முடிந்தது. பாரம் தூக்கியவரும் எஞ்சினில் கரி அள்ளியவரும் இலக்குக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டியிருந்தது. அந்த ஏப்ரலில் விமானங்கள் வரவில்லை, நகுமோவின் கப்பல்கள் திருகோணமலைக்குப் பிறகு திரும்பிவிட்டன. 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் சென்னை மேல் வந்து சில குண்டுகளைப் போட்டது, பெரிய சேதமில்லை. அதிர்ஷ்டம் நன்றாக இருந்தது என்பதற்காக ஏற்பாடு நன்றாக இருந்தது என்று ஆகாது.

எண்ணெய்த் தொட்டிகள் எத்தனை எளிய இலக்கு என்பது சென்னைக்கு முன்பே தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் ஒன்பதரை மணி வாக்கில் சுமார் 130 குண்டுகளைச் சுட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போயிற்று. கப்பற்தலைவர் கார்ல் ஃபான் முல்லரின் குறி தெளிவு: ஊரை அழிக்க வேண்டாம், எண்ணெய் எரிந்தால் போதும், பீதி தானாகப் பரவும். திருகோணமலையில் 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஒரு ஜப்பானிய விமானம் எண்ணெய்த் தொட்டி ஒன்றின் மேல் விழுந்தது. அந்தத் தொட்டி ஏழு நாள் எரிந்தது என்கிறார்கள். ஒவ்வொன்றும் பல்லாயிரம் டன் கொள்ளும் நூறு தொட்டிகள் அடுக்கிய காட்டில் ஒன்றோடு நின்றதற்குக் காரணம், அவை மரங்களுக்கிடையே தள்ளித்தள்ளிக் கட்டப்பட்டிருந்தன. இடைவெளிதான் அங்கே காவல். 1943 ஆகஸ்ட் 1ஆம் தேதி ருமேனியாவின் ப்ளோயெஸ்டி எண்ணெய் ஆலைகளைத் தாக்க 170க்கும் மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் மரஉச்சி உயரத்தில் பறந்து போயின. பலூன் கம்பிகளும் பீரங்கிகளும் சேர்ந்து காத்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டவை திரும்பவில்லை. ஆலைகளும் எரிந்தன, ஆனால் சில வாரங்களில் மறுபடி ஓடத் தொடங்கின.

வெளியிலிருந்து வரும் ஆபத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களுக்கு உள்ளே இருந்தது தெரியாமல் போன பெரும் நிகழ்ச்சி பம்பாயில் நடந்தது. 1944 ஏப்ரல் 14. விக்டோரியா துறையில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருள், அதனுடன் பருத்தி மூட்டைகள், எண்ணெய்ப் பீப்பாய்கள். மதியம் தீப்பிடித்தது, மாலை நான்கு மணிக்கு மேல் வெடித்தது. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள், பல்லாயிரம் பேர் வீடிழந்தார்கள், பல கப்பல்கள் போயின. எந்த ஜப்பானிய விமானமும் பம்பாய்க்கு அவ்வளவு தீங்கு செய்ததில்லை. வெடிபொருளையும் பருத்தியையும் ஒரே கப்பலில் ஏற்றியதும், அபாயச் சரக்குக்கான சிவப்புக் கொடி ஏற்றாமல் ஊருக்கு நடுவே கட்டி வைத்ததும் செய்த வேலை. வானமெல்லாம் பலூன் பறந்திருந்தாலும் அதைத் தடுத்திருக்காது.

போருக்குப் பிறகு நாம் என்ன செய்தோம் என்பதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். அபாயமான தொழில்களை வடக்கே, திருவொற்றியூர், மணலி, எண்ணூர் என்று வரிசையாக நீட்டினோம். 1969இல் மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, அடுத்து உர ஆலை, 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம், 2001இல் எண்ணூர் துறைமுகம், 2019இல் திரவ இயற்கை எரிவாயு முனையம். தண்டையார்பேட்டையில் வீடுகளுக்கு நடுவே எரிபொருள் கிடங்குகள், எண்ணூர் விரைவுச் சாலையில் இரவு பகலாக வரிசைகட்டும் டேங்கர், கண்டெய்னர் லாரிகள். ஊரிலிருந்து தள்ளி வைக்கிறோம் என்று சொல்லியே ஒவ்வொன்றும் வந்தது. தள்ளி வைத்த இடத்தில் ஏற்கெனவே ஊர் இருந்தது. திருகோணமலையின் தொட்டிகளைக் காத்த இடைவெளி இங்கே தொட்டிக்கும் தொட்டிக்கும் இடையே விதிப்படி உண்டு. தொட்டிக்கும் வீட்டுக்கும் இடையே பல இடங்களில் ஒரு சுற்றுச்சுவர்தான்.

தாழப் பறக்கும் விமானத்தின் பயம் 1945இல் முடிந்துபோகவும் இல்லை. 2007 மார்ச் 26 அதிகாலை, விடுதலைப் புலிகளின் சிறிய ஸ்லின் ரக விமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தைத் தாக்கின. ஒரு மாதம் கழித்து, உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதிப் போட்டி நடந்துகொண்டிருந்த இரவில், கொலன்னாவை, முத்துராஜவெல எரிபொருள் நிலையங்கள். 2008 அக்டோபரில் களனிதிஸ்ஸ மின்நிலையம். நான்கு பேர் அமரக்கூடிய பயிற்சி விமானங்கள். தாழ்வாகவும் மெதுவாகவும் வந்ததே அவற்றின் பலம். கொழும்பு அணைத்து வைத்தது விளக்குகளை. கையில் கிடைத்த துப்பாக்கிகளால் இருட்டைச் சுட்டது. இந்தக் கரையில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பாதுகாப்பு பற்றிப் பேச்சு எழுந்தது. மணலி பற்றி அவ்வளவாக எழவில்லை.

இப்போது அந்த இடத்துக்கு ட்ரோன் வந்துவிட்டது. 2019 செப்டம்பரில் சவூதியின் அப்கைக் எண்ணெய் நிலையம் எரிந்ததை உலகம் பார்த்தது. ரஷ்யாவில் பல சுத்திகரிப்பு ஆலைகள் தொட்டிகளைச் சுற்றி எஃகுச் சட்டமும் வலையும் கட்டிக்கொண்டிருக்கின்றன. பலூன் கம்பியின் பழைய தத்துவமே வேறு உருவில். கட்டிய பலூனும் திரும்பியிருக்கிறது, இம்முறை தடையாக இல்லை, கண்ணாக. ஆக்ராவில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடம் 2010 டிசம்பரில் ஆகாஷ்தீப் என்ற ஹீலியம் பலூனை ஒரு கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்திச் சோதித்தது. தரை ரேடாருக்குப் பூமியின் வளைவு மறைக்கும் தாழ்ந்த இலக்குகள், உயரத்திலிருந்து பார்க்கும் பலூனுக்குத் தெரியும். பழைய கோளாறும் கூடவே வந்தது. 2015 அக்டோபர் 28ஆம் தேதி அமெரிக்காவின் மேரிலாந்தில் கட்டியிருந்த ரேடார் பலூன் ஒன்று அறுத்துக்கொண்டு, சுமார் 2,000 மீட்டர் வடத்தை இழுத்தபடி பென்சில்வேனியா வரை போய், வழியில் ஆயிரக்கணக்கான வீடுகளின் மின்சாரத்தை அறுத்தது. 1940இல் ஸ்வீடனில் நடந்தது 75 ஆண்டு கழித்து மறுபடியும்.

ஆனால் வடசென்னைக்கு இந்த நூற்றாண்டில் நேர்ந்தவை எவையும் வானிலிருந்து வரவில்லை. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்டால் வெடித்துச் சிதறிய பிறகே, மணலியில் ஒரு சரக்குக் கிடங்கில் 37 கண்டெய்னர்களில் சுமார் 700 டன் அதே பொருள் 2015 முதல் கிடக்கிறது என்பது ஊருக்குத் தெரிந்தது. அவசரமாக ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் இறங்கி, கொசஸ்தலையாற்று மீனவர்களின் வலையையும் படகையும் நாசமாக்கியது. அந்த மாதமே 26ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூக்கெரிந்து விழித்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். எப்படி ஓடவேண்டும், எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று யாரும் அவர்களுக்கு முன்னதாகச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அந்த இரவில் அவர்களுக்கு எச்சரிக்கையாக இருந்தது அவர்களின் மூக்கு மட்டுமே. 1942இன் விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கை ஏற்பாட்டில்கூட, எவ்வளவு ஓட்டையானது என்றாலும், தெருவுக்கொரு வார்டனும் ஊருக்கு ஒரு சங்கும் இருந்தன.

2025 மே 7ஆம் தேதி நாடு முழுவதும் போர்க்காலக் குடிமைப் பாதுகாப்பு ஒத்திகை நடந்தபோது தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த இடங்களில் சென்னைத் துறைமுகமும் கல்பாக்கமும் இருந்தன. துறைமுக வளாகத்துக்குள் நடந்த அந்த ஒத்திகை நல்ல தொடக்கம். அது மதிலைத் தாண்டிக் காசிமேட்டுக்கும் திருவொற்றியூர் குப்பங்களுக்கும் வரவேண்டும். சட்டம் புதிதாகத் தேவையில்லை. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு வந்த 1989ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகள், ஆலைக்கு வெளியே உள்ள மக்களுக்கான அவசரகாலத் திட்டத்தை மாவட்ட நிர்வாகம் வைத்திருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒத்திகை பார்க்க வேண்டும் என்கின்றன. அவற்றின் 15ஆம் விதி, பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு ஆபத்தின் தன்மையையும் செய்யவேண்டியதையும் முன்கூட்டியே தெரிவிப்பதை ஆலையின் கடமையாக்குகிறது. எந்தச் சங்கு ஒலித்தால் என்ன பொருள், காற்று கடலிலிருந்து அடித்தால் எந்தத் தெரு வழியாக வெளியேறுவது, கரையிலிருந்து அடித்தால் எந்தப் பக்கம், லாரிகள் அடைத்து நிற்கும் விரைவுச் சாலையை யார் திறந்துவிடுவது, ஈரத்துணியால் மூக்கை மூடவேண்டியது எதற்கு, வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியது எதற்கு: இவ்வளவையும் ஒரு தாளில் தமிழில் அச்சிட்டு, பெரியகுப்பத்திலிருந்து ராயபுரம் வரை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூட்டி நடந்து காட்டுவது, அந்த விதியின் கீழ் இந்த மாதமே செய்யக்கூடிய வேலை.